மெட்டா 118, கூகிள் 83, கடையில் மொத்தமே 140 ஆர்டர்: எந்தக் கணக்கை வைத்து பட்ஜெட் போடுவது?

தறிக்கடை:

வணக்கம். கைத்தறிப் புடவை, வேட்டி விற்கும் ஆன்லைன் கடை, வூகாமர்ஸ் மென்பொருளில் ஓடுது. மெட்டா விளம்பரத்துக்கு மாதம் 45,000 ரூபாய், பெரும்பகுதி இன்ஸ்டாகிராம். கூகிள் சர்ச், ஷாப்பிங் ரெண்டும் சேர்த்து 30,000.

போன மாதக் கணக்கு இது. மெட்டா ஆட்ஸ் மேனேஜரில் 118 பர்ச்சேஸ். கூகிள் ஆட்ஸில் 83. ஜிஏ4ல் (கூகிள் அனலிட்டிக்ஸ், சைட்டுக்கு வர்றவங்களை எண்ற கருவி) மொத்தமே 109. கடையோட ஆர்டர் லிஸ்டில் 140. அதில் 86 சிஓடி (பார்சல் வந்ததும் பணம்), மீதி 54 பெரும்பாலும் யூபிஐ. சிஓடியில் 21 பார்சல் திரும்பி வந்துடுச்சு.

ஜிஏ4ல் ஆர்டர் எந்த வழியா வந்ததுன்னு பார்த்தா முதல் இடம் ‘டைரக்ட்’, ரெண்டாவது பேமெண்ட் கேட்வேயோட (ஆன்லைனில் பணம் வாங்கித் தர்ற கம்பெனி) டொமைன். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் வாரம் ரெண்டு தடவை லிங்க் போகுது, அதுக்குன்னு தனி வரியே தெரியலை.

அடுத்த மாதம் பட்ஜெட்டை எந்தப் பக்கம் கூட்டுறது, எதைக் குறைக்கிறது? எந்த எண்ணை நம்பறதுன்னே புரியலை. செட்டிங் பேரோட சொன்னா உதவியா இருக்கும்.

---

அளவுகோல்:

118ம் 83ம் கூட்டினால் 201. கடையில் வந்தது 140. இதில் யாரும் தவறாக எண்ணிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒரே ஆர்டரை இருவரும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். இன்ஸ்டாவில் புடவையைப் பார்த்துக் கிளிக் செய்தவர், இரண்டு நாள் கழித்துக் கடைப் பெயரை கூகிளில் தேடி, மேலே வந்த விளம்பரத்தைத் தொட்டு வாங்குகிறார். மெட்டாவுக்கு அது 7 நாள் கிளிக் கணக்கில் (கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கியது) வரும். கூகிளுக்கு 30 நாள் கிளிக் கணக்கில் வரும். ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது.

முதலில் மெட்டாவின் 118ஐ உடைத்துப் பாருங்கள். ஆட்ஸ் மேனேஜரில் காலம்ஸ் பகுதிக்குள் ‘கம்பேர் அட்ரிபியூஷன் செட்டிங்ஸ்’ இருக்கிறது. 1 நாள் கிளிக், 7 நாள் கிளிக், 1 நாள் வியூ மூன்றையும் டிக் செய்யுங்கள். வியூ என்பது விளம்பரம் திரையில் வந்தது, தொடவில்லை, ஆனால் ஒரு நாளுக்குள் வாங்கினார் என்ற கணக்கு. ஏற்கெனவே கடைக்கு வந்து போனவர்களுக்கே மறுபடி விளம்பரம் காட்டும் ரீமார்க்கெட்டிங்கில் இந்த எண் வீங்கும். அவர்களில் பலர் எப்படியும் வாங்க வந்தவர்கள்.

கூகிளின் 83ல் பார்க்க வேண்டியது இரண்டு. கோல்ஸ் பக்கத்தில் ‘பர்ச்சேஸ்’ கன்வெர்ஷன் (விளம்பரத்தால் நடந்த வாங்கலை எண்ணும் பதிவு) எத்தனை இருக்கிறது? ஜிஏ4ல் இருந்து இம்போர்ட் செய்தது ஒன்று, பேஜில் ஒட்டிய சிறு கோடான நேரடி டேக் வழியாக ஒன்று, இரண்டும் ‘பிரைமரி’யாக இருந்தால் ஒரு ஆர்டர் இரண்டாக எண்ணப்படும். ஒன்றை மட்டும் பிரைமரியில் வைத்து மற்றதை ‘செகண்டரி’க்கு மாற்றுங்கள். அடுத்தது, கடைப் பெயரைத் தேடுபவர்களுக்கான கேம்பெய்னைத் தனியாகப் பிரியுங்கள். ‘கைத்தறி காட்டன் புடவை’ என்று தேடி வந்தவரும் உங்கள் கடைப் பெயரைத் தட்டி வந்தவரும் ஒரே கேம்பெய்னில் கலந்திருக்கும் வரை கூகிளின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்ஸ்டா செய்த வேலைக்கான பெயர் பெரும்பாலும் அங்கேதான் கூகிளுக்குப் போகிறது.

தேதியும் ஒத்துப்போகாது. 28ஆம் தேதி கிளிக் செய்து 3ஆம் தேதி வாங்கினால் கூகிள் ஆட்ஸ் அதை 28ஆம் தேதியில் எழுதும், ஜிஏ4 3ஆம் தேதியில் எழுதும். இதோடு டைம் ஸோனையும் பாருங்கள். ஜிஏ4 தொடங்கும்போது மாற்றாமல் விட்டால் அமெரிக்க பசிபிக் நேரம் நின்றுவிடும். அங்கே நாள் மாறும்போது நமக்கு மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. அட்மின், பிராபர்ட்டி டீடெயில்ஸில் இந்தியா என்று மாற்றுங்கள். மாற்றிய நாளில் இருந்துதான் சரியாகும், பழைய டேட்டா அப்படியே இருக்கும்.

---

டேக்_தச்சர்:

அளவுகோல் சார் கூடுதலா எண்றதைச் சொல்லிட்டார். எனக்கு அதைவிடப் பெரிசாப் படறது குறையுற 31. கடையில் 140, ஜிஏ4ல் 109. விளம்பரம் தடுக்கிற பிரவுசர், இடையில் மூடின பேஜ் இதெல்லாம் கொஞ்சம் தின்னும். ஆனா 54 பேர் ஆன்லைனில் கட்டுற கடையில் முதல் சந்தேகம் யூபிஐ மேலதான்.

என்ன நடக்குதுன்னா, போனில் செக்அவுட் பண்றாங்க, யூபிஐ ஆப் திறக்குது, பின் போட்டு, பச்சை டிக் வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு போனை வச்சிடறாங்க. பிரவுசருக்குத் திரும்பி வர்றதே இல்லை. உங்க பர்ச்சேஸ் டேக் ‘தேங்க் யூ’ பேஜில் உட்கார்ந்திருக்கு. அந்தப் பேஜ் லோடே ஆகலைன்னா ஜிஏ4க்கும் தெரியாது, மெட்டா பிக்சலுக்கும் (மெட்டாவோட டேக்) தெரியாது. ஆர்டர் மட்டும் கேட்வே சர்வர் நேரா அனுப்பற வெப்ஹூக் தகவல் வழியா கடைக்கு வந்துடும்.

அதனால பர்ச்சேஸை பேஜிலிருந்து மட்டும் அனுப்பாம, ஆர்டர் ‘ப்ராசஸிங்’ நிலைக்கு மாறும்போது சர்வரிலிருந்தும் அனுப்பணும். அப்படி அனுப்பற வழி மெட்டாவுக்கு கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ, ஜிஏ4க்கு மெஷர்மெண்ட் ப்ரோட்டோகால். இதில் வழக்கமா சறுக்குற இடங்கள்:

டீடூப்ளிகேஷன், அதாவது ஒரே ஆர்டரை ரெண்டா எண்ணாம தடுக்கிறது. பிக்சலும் சர்வரும் ஒரே ஆர்டரைச் சொல்றப்ப ஈவெண்ட் பெயரும் ஈவெண்ட் ஐடியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஆர்டர் நம்பரையே ஐடியா வைங்க. ஒரு பக்கம் 10452ன்னும் இன்னொரு பக்கம் ‘ஆர்டர்-10452’ன்னும் போனா ரெண்டா எண்ணிடும். ரெண்டும் 48 மணி நேரத்துக்குள்ள வந்தாதான் சேர்த்துப் பார்க்கும்.

போன் நம்பர். நம்ம ஊர் வாடிக்கையாளர் நிறைய பேர் இமெயில் போடறதில்லை, அதனால பொருத்திப் பார்க்க போன் நம்பர்தான் துணை. எஸ்எச்ஏ-256 ஹாஷ் (திருப்பிப் படிக்க முடியாத குறியீடு) போடறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணணும். ஸ்பேஸ், முன்னாடி வர்ற 0 ரெண்டையும் எடுத்துட்டு, மெட்டாவுக்கு 91ஓட சேர்த்து 12 இலக்கம், பிளஸ் குறி இல்லாம. கூகிளில் இதே வேலை செய்யற என்ஹான்ஸ்டு கன்வெர்ஷனுக்கு பிளஸ் குறியோட. ஒரே ஹாஷை ரெண்டு இடத்துக்கும் அனுப்பினா ஒரு இடத்தில் பொருந்தவே பொருந்தாது, எரரும் காட்டாது. ஐபி அட்ரஸ், யூசர் ஏஜெண்ட், மெட்டாவோட ரெண்டு குக்கி இதையெல்லாம் ஹாஷ் பண்ணக் கூடாது. மெட்டாவோட கிளிக் ஐடியில் (விளம்பரத்தைத் தொட்டதும் லிங்கில் ஒட்டற அடையாளம்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து முக்கியம். இமெயிலைச் சின்ன எழுத்தாக்குற அதே ஃபங்ஷனில் இதையும் தள்ளிட்டா ஐடி செத்துப்போகும்.

வேல்யூ. வெறும் எண்ணா போகணும், 2400. ரூபாய் குறியும் கமாவும் சேர்த்து ஸ்ட்ரிங்கா அனுப்பாதீங்க. கரன்சி ஐஎன்ஆர்.

ஜிஏ4க்கு சர்வரிலிருந்து அனுப்பறப்ப கிளையண்ட் ஐடி (பிரவுசரோட அடையாளம்), செஷன் ஐடி (அந்த வருகையோட அடையாளம்) ரெண்டும் கூடப் போகணும். இல்லேன்னா ஆர்டர் வரும், எந்த விளம்பரத்திலிருந்து வந்ததுன்னு இணையாது. செக்அவுட் அழுத்தும்போதே குக்கியிலிருந்து எடுத்து ஆர்டரோட கூடுதல் விவரப் பகுதியில் சேமிச்சிடுங்க. டிரான்சாக்ஷன் ஐடி காலியாப் போகாம பாருங்க. காலியா வர்ற எல்லாத்தையும் ஜிஏ4 ஒரே ஆர்டர்னு நினைச்சு ஒண்ணா மடிச்சிடும்.

கேட்வே டொமைன் சோர்ஸா வர்றது சின்ன வேலை. அட்மின், டேட்டா ஸ்ட்ரீம்ஸ், ‘கான்ஃபிகர் டேக் செட்டிங்ஸ்’, ‘லிஸ்ட் அன்வாண்டட் ரெஃபரல்ஸ்’. அங்கே அந்த டொமைனைச் சேருங்க. பேங்க் ஓடிபி பேஜோட டொமைன் ஏதாவது ரிப்போர்ட்டில் தெரிஞ்சா அதையும்.

சோதிக்க: மெட்டா ஈவெண்ட்ஸ் மேனேஜரில் ‘டெஸ்ட் ஈவெண்ட்ஸ்’ டேப் திறந்துட்டு ஒரு ஆர்டர் போடுங்க. பர்ச்சேஸ் ரெண்டு வரியா, ஒண்ணு பிரவுசர், ஒண்ணு சர்வர்னு வரும். ஒண்ணுக்கு டீடூப்ளிகேட்டட்னு போட்டிருந்தா சரி. அப்புறம் யூபிஐயில் கட்டிட்டு வேணும்னே பிரவுசருக்குத் திரும்பாம இன்னொரு ஆர்டர். சர்வர் வரி மட்டும் வரணும்.

---

லிங்க்_ராணி:

டைரக்ட் முதலிடத்தில் இருப்பதற்கு வாட்ஸ்அப்தான் பெரிய காரணமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் தொட்டு வருகிறவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் பெரும்பாலும் கூடவே வராது. யூடிஎம் (வந்த வழியைச் சொல்ல லிங்கின் வாலில் சேர்க்கும் குறிப்பு) இல்லாத லிங்க் டைரக்டில்தான் விழும்.

பிராட்காஸ்டுக்கு சோர்ஸ் வாட்ஸ்அப், மீடியம் பிராட்காஸ்ட், கேம்பெய்ன் பெயரில் தேதியும் பொருளும். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு. முதல் எழுத்து பெரிதானால் ஜிஏ4க்கு அது வேறு சோர்ஸ். ஜிஏ4ன் வழக்கமான சேனல் பட்டியலில் வாட்ஸ்அப்புக்கு என்று தனிச் சேனல் இல்லை. அதனால் அட்மினில் சேனல் குரூப்ஸுக்குப் போய் ‘சோர்ஸ் வாட்ஸ்அப்பாக இருந்தால் வாட்ஸ்அப்’ என்று ஒரு விதி போட்டு மேலே வைத்துவிடுங்கள். பார்சலுக்குள் வைக்கும் அட்டையில் க்யூஆர் இருந்தால் அதற்கும் தனி யூடிஎம்.

தயவுசெய்து ஒன்றைக் கவனியுங்கள் தறிக்கடை. விளம்பரத்தைத் தானே கிளிக் செய்து, வந்த பேஜின் லிங்கை அப்படியே காப்பி செய்து பிராட்காஸ்டில் போடுவது நிறைய கடைகளில் நடக்கிறது. அந்த லிங்கின் வாலில் கூகிள் அல்லது மெட்டாவின் கிளிக் ஐடி ஒட்டியிருக்கும். பிறகு வாட்ஸ்அப்பில் இருந்து வருகிறவர்கள் அந்த விளம்பரத்தின் கணக்கில் ஏறக்கூடும். உங்கள் பழைய மெசேஜ்களை ஒருமுறை திறந்து, கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மெட்டா விளம்பரத்தில் யூஆர்எல் பாராமீட்டர்ஸ் பெட்டியில் கேம்பெய்ன் பெயருக்கான டைனமிக் குறியைப் போட்டால், முதலில் பப்ளிஷ் செய்தபோது இருந்த பெயர்தான் கடைசி வரை வரும். நடுவில் பெயரை மாற்றினாலும் பழையதே. அதனால் பெயரோடு ஐடியையும் அனுப்புங்கள். கடைக்குள்ளேயே ஒரு பேஜில் இருந்து இன்னொன்றுக்குப் போகும் பேனரில் யூடிஎம் போடவே கூடாது, வந்த வழி அழிந்து பேனர் பெயர் உட்கார்ந்துவிடும்.

---

தறிக்கடை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பழைய மெசேஜைத் திறந்து பார்த்தேன். நாலு பிராட்காஸ்டில் மெட்டாவோட கிளிக் ஐடி ஒட்டின லிங்க் போயிருக்கு. சர்வர் ஈவெண்ட் வேலையை டெவலப்பர்கிட்ட கொடுத்துட்டேன்.

சிஓடியை எப்படிக் கணக்கில் எடுக்கிறது? டெலிவரி ஆனதை மட்டும் மெட்டாவுக்கு அனுப்பலாமா? சராசரி ஆர்டர் 2,400 ரூபாய், ஜிஎஸ்டி நீங்கலா. துணி, தையல், பேக்கிங் 1,300. கூரியர் 110, சிஓடின்னா மேல 40. ஆன்லைனில் கட்டினா கேட்வே 2 சதவீதம். திரும்பி வந்தா போக வர கூரியர் 210.

---

வரவு_செலவு:

இந்த எண்கள்தான் முதலில் வேண்டியிருந்தது.

ஆன்லைனில் கட்டிய ஆர்டர்: 2,400ல் 1,300, 110, 48 போக 942 நிற்கிறது. சிஓடி: டெலிவரி ஆன 65க்கு தலா 950 வீதம் 61,750. திரும்பிய 21க்கு 210 வீதம் 4,410 நஷ்டம். மீதி 57,340. இதை 65ஆல் வகுக்காதீர்கள், பதிவான 86ஆல் வகுங்கள், ஏனென்றால் விளம்பரச் செலவு 86 பேரையும் கொண்டுவரத்தான் போனது. ஒரு சிஓடி ஆர்டருக்கு 667 ரூபாய்.

ஆக விளம்பரத்துக்கு ஒரு ஆர்டருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சம், ஆன்லைனில் கட்டுபவருக்கு 942, சிஓடிக்கு 667. மெட்டா தன் கணக்கில் ஒரு ஆர்டர் 381 என்று காட்டும், கூகிள் 361 என்று காட்டும். ஆனால் 75,000ஐ 140ஆல் வகுத்தால் 536. அதுவும் வாட்ஸ்அப் வழியாகச் சும்மா வந்த ஆர்டரையும் சேர்த்து. டேஷ்போர்டில் 381ஐப் பார்த்து பட்ஜெட்டை இரட்டிப்பாக்கினால் கையைக் கடிக்கும்.

942க்கும் 667க்கும் 275 வித்தியாசம். ஆன்லைனில் கட்டினால் 100 ரூபாய் குறைப்பு என்று செக்அவுட்டில் வைத்தால், சிஓடியில் இருந்து மாறும் ஒவ்வொருவராலும் 175 மிஞ்சும். ஏற்கெனவே ஆன்லைனில் கட்டும் 54 பேருக்கும் அந்த 100ஐக் கொடுக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 86ல் 31 பேர் மாறினால்தான் முதல் தேறும்.

டெலிவரி ஆனதை மட்டும் மெட்டாவுக்கு அனுப்புவது கேட்க நன்றாக இருக்கும், செய்ய முடியாது. வெப் ஈவெண்ட் 7 நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்காது. அப்படி ஒரு ஈவெண்ட் உள்ளே இருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். கொரியர் நாலு நாள், வாடிக்கையாளர் ‘நாளைக்கு வாங்க’ என்றால் இன்னும் இரண்டு நாள், எளிதில் தாண்டிவிடும். எண்ணிக்கையும் குறையும். ஒரு ஆட் செட் (கேம்பெய்னுக்குள் இருக்கும் விளம்பரத் தொகுப்பு) நன்றாகக் கற்றுக்கொள்ள வாரத்துக்கு 50 ஈவெண்ட் அளவு வேண்டும் என்கிறது மெட்டா. உங்களுக்கு மெட்டா காட்டும் 118ஐ வைத்தாலே வாரம் 27 சொச்சம்தான். அதை நாலு ஆட் செட்டாகப் பிரித்து வைத்திருந்தால் முதலில் ஒன்றாக்குங்கள்.

நடுவழி: சிஓடி ஆர்டருக்கு வாட்ஸ்அப்பில் அல்லது போனில் உறுதி கேட்டு, ‘அனுப்புங்க’ என்றதும் சர்வரில் இருந்து பர்ச்சேஸ் போகட்டும். 24 மணி நேரத்துக்குள் முடியும். சிஓடிக்கு மட்டும் தேங்க் யூ பேஜில் இருக்கும் பிக்சல் பர்ச்சேஸை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் இந்த ஏற்பாட்டுக்கே பொருள் இல்லை. பதில் இல்லாத ஆர்டர், ஒரே நம்பரில் மூன்று முறை போட்டது இவை மெட்டாவுக்குப் போகாது. அதேபோன்ற ஆட்களைத் தேடிப் பிடித்துத் தராது.

கூகிளில் இன்னும் வசதி. கன்வெர்ஷனோடு ஆர்டர் நம்பர் போயிருந்தால், திரும்பி வந்த பார்சலை ‘ரிட்ராக்ட்’ (ரத்து) என்று அட்ஜஸ்ட்மெண்ட் ஷீட்டில் ஏற்றலாம். கன்வெர்ஷன் நடந்து 55 நாள் வரை ஏற்கும். வாரம் ஒருமுறை திங்கட்கிழமை ஏற்றுங்கள்.

---

அளவுகோல்:

வரவு_செலவு சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். முடிவு எடுக்க ஒரு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டருக்கு ஒரு வரி. ஆர்டர் நம்பர், தேதி, வந்த வழி, கேம்பெய்ன் ஐடி, கிளிக் ஐடி, கட்டிய முறை, பின்கோடு, டெலிவரியா ரிட்டர்னா, கையில் நின்ற தொகை. வூகாமர்ஸ் 8.5ல் இருந்து ஆர்டர் அட்ரிபியூஷன் உள்ளேயே இருக்கிறது, ஆர்டர் லிஸ்டில் ‘ஆரிஜின்’ என்ற நெடுவரிசையில் தெரியும். கிளிக் ஐடியை மட்டும் மறைவான ஃபீல்டில் தனியாகச் சேமிக்க வேண்டும். ஒரு ஆர்டர் இந்த ஷீட்டில் ஒரு முறைதான் வரும். மெட்டாவின் எண்ணை மெட்டாவுக்குள் எந்தப் படம் நன்றாக ஓடுகிறது என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள், கூகிளின் எண்ணை கூகிளுக்குள். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்.

ஷீட்டும் கடைசியாகத் தொட்ட வழியைத்தான் சொல்லும். விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா என்று தெரிய, நிறுத்திப் பார்ப்பது ஒன்றே வழி. உங்கள் அளவுக்கு கடைப் பெயர் கேம்பெய்னில் தொடங்குங்கள். 14 நாள் நிறுத்திவிட்டு, கூகிளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் கடைப் பெயர் தேடலுக்கு இலவச கிளிக் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நிறுத்தியதில் போன கிளிக் பெரும்பாலும் இங்கே திரும்பி வந்தால் அந்தப் பணம் வீண். போட்டிக் கடை உங்கள் பெயரில் விளம்பரம் வைத்திருந்தால் திரும்பி வராது. அப்போது மறுபடி போடுங்கள்.

மெட்டாவை ஊர் ஊராக நிறுத்திச் சோதிப்பது 140 ஆர்டரில் எடுபடாது. இரண்டு வாரத்தில் 64 ஆர்டர் வரும் கடையில், எதுவும் மாறாமலே 16 கூடலாம், 16 குறையலாம். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கிப் பாருங்கள், அந்த அளவுக்குள் வரும் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் கிடையாது. மாதம் 500, 600 என்று வளர்ந்த பிறகு கர்நாடகாவை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். அப்போது விளைவை ஜிஏ4ன் ஊர்ப் பெயரில் பார்க்காதீர்கள், மொபைல் நெட்வொர்க்கின் ஐபி வேறு ஊரைக் காட்டும். டெலிவரி பின்கோடைப் பாருங்கள். 56 முதல் 59 வரை தொடங்குவது கர்நாடகா, 60 முதல் 64 வரை தமிழ்நாடு.

---

தறிக்கடை:

ஷீட் ஆரம்பிச்சாச்சு. ஒரு சந்தேகம். கூகிளில் இருந்து வந்த 11 ஆர்டரில் 5க்கு கிளிக் ஐடி காலியா இருக்கு. ஆட்டோ டேகிங் (லிங்கில் ஐடியைத் தானா ஒட்டற செட்டிங்) ஆன்லதான் இருக்கு.

---

டேக்_தச்சர்:

ரீடைரக்ட்டை, அதாவது ஒரு லிங்கிலிருந்து இன்னொண்ணுக்குத் திருப்பி விடறதைப் பாருங்க. விளம்பரத்தில் போட்ட ஃபைனல் யூஆர்எல்லில் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாம இருந்து, சைட் அதோட திறக்குதா? இல்ல பழைய புடவைப் பேஜிலிருந்து புதுசுக்குத் திருப்பி விட்டிருக்கீங்களா? திருப்பற பிளக்இன் சிலது கேள்விக்குறிக்குப் பின்னாடி உள்ளதை வெட்டிடும். லிங்கோட கடைசியில் கிளிக் ஐடி மாதிரி ஏதாவது ஒண்ணைக் கையால் ஒட்டித் திறங்க, பேஜ் வந்தபிறகு அட்ரஸ் பாரில் அது இன்னும் இருக்கணும்.

அங்கே சரியா இருந்தா, ஐடியை எந்தப் பேஜில் பிடிக்கறீங்கன்னு பாருங்க. செக்அவுட் பேஜில் மட்டும் ஸ்கிரிப்ட் இருந்தா அதுக்குள்ள லிங்கில் ஐடி போயிருக்கும். முதல் பேஜிலேயே எடுத்து உங்க சைட்டோட சொந்த (ஃபர்ஸ்ட் பார்ட்டி) குக்கியில் வைக்கணும், 90 நாளுக்கு. ஐபோன் சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் போட்ட குக்கியை 7 நாளில் அழிச்சிடும். விளம்பர லிங்கின் வாலோட வந்திருந்தா 24 மணி நேரத்திலேயேகூட அழிக்கும். குக்கியை சர்வரிலிருந்து போடச் சொல்லுங்க. ஐபோன் ஆர்டர் சிலதில் வழக்கமான ஐடிக்குப் பதிலா ஜிபிரெய்டு, டபிள்யூபிரெய்டுன்னு வேற ரெண்டு பாராமீட்டர் வரும், அந்த ரெண்டுக்கும் ஃபீல்டு சேருங்க. காலியா இருக்கிற 5ல் எத்தனை ஐபோன்னு முதல்ல எண்ணிட்டு வாங்க.